பக்கத்துப் பட்டறையில் என்ன விலை?

அனிமேஷன் குறும்படம் எடுக்கும் ஒரு மாணவர் குழுவை எடுத்துக்கொள்வோம். வேலை முடிய இரண்டு வாரம் இருக்கும்போது கதை எழுதியவர் வருகிறார். நாயகி கதவைத் திறந்து வெளியே போக வேண்டாம், ஜன்னல் பக்கம் நடந்து போய் நிற்கட்டும் என்கிறார். அவருக்கு அது ஒரு வரித் திருத்தம். வரைகிற மாணவியின் கணக்கு வேறு. திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி வைக்கும் சிக்கன முறையில் வரைந்தாலும் நொடிக்கு 12 படம் வேண்டும். பத்து நொடி நடைக்கு 120 படம். ஜன்னலுக்கான பின்னணி ஓவியம் தனி. எழுதியவர் ஈவிரக்கம் இல்லாதவர் அல்லர், அவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, அவ்வளவுதான். வரைபவரும் அதை விளக்கிச் சொல்வதில்லை. "சரி, பார்க்கலாம்" என்கிறார். மாணவர் குழுக்களில் மூளும் சண்டைகளில் பாதி இந்தப் "பார்க்கலா"மில்தான் முளைவிடுகின்றன.

இப்படிப்பட்ட குழுக்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை, ஒருவர் கலையை மற்றவர் மதிக்க வேண்டும் என்பது. மதிப்பது நல்லதுதான். ஆனால் கதை எழுதியவர் அந்த மாணவியின் கோடுகளை எவ்வளவு ரசித்தாலும் அந்த 120 படங்களில் ஒன்றுகூடக் குறையாது. இன்னொரு பக்கம், எல்லாரும் எல்லாவற்றையும் கற்க வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஒரு படிப்புக் காலம் போதாது, ஆயுளும் போதாது. இந்த இரண்டுக்கும் நடுவில் கைக்கு எட்டும் ஓர் அறிவு இருக்கிறது. சக மாணவரின் பட்டறையில் எது மலிவு, எதற்கு விலை அதிகம், எந்தக் கட்டம் தாண்டினால் எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது என்கிற அறிவு அது. அதை வகுப்பறையில் புகட்ட நடந்த முயற்சிகளுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

அந்த முயற்சிகளில் பெயர் பெற்றது ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளி. 1919 ஏப்ரலில் வைமர் நகரில், அங்கே இருந்த நுண்கலைப் பள்ளியையும் கைவினைப் பள்ளியையும் ஒன்றாக்கிக் கட்டடக் கலைஞர் வால்ட்டர் குரோப்பியஸ் அதைத் தொடங்கினார். சேர்ந்த மாணவர் நேராகத் தறிக்கோ தச்சு மேசைக்கோ போய்விட முடியாது. முதலில் அடிப்படை வகுப்பு. யோஹன்னஸ் இட்டன் என்ற ஓவியர் நடத்திய அந்த வகுப்பில் மரம், கம்பி, கண்ணாடி, துணி, கம்பளி எனப் பலவற்றையும் தொட்டு, வளைத்து, ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் நெசவாளராகப் போகிறவரும் குயவராகப் போகிறவரும் ஒரே மேசையில் இதைச் செய்தார்கள். அதற்கப்புறம்தான் பட்டறை. அங்கும் ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசான்கள். ஒருவர் வடிவம் சொல்லித்தரும் ஓவியர் அல்லது சிற்பி, மற்றவர் தொழில் தெரிந்த கைவினைஞர். பால் கிளே போன்ற ஓவியர் புத்தகம் கட்டும் பட்டறைக்கு வடிவ ஆசானாக இருந்த வேடிக்கையும் அங்கே நடந்தது. எல்லாக் கலைகளும் கட்டடத்தில் வந்து கூட வேண்டும் என்று முழங்கித் தொடங்கிய அந்தப் பள்ளியில் கட்டடக் கலைக்கென்று தனித்துறை 1927-இல்தான் வந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். கொள்கை அறிக்கைகளை அப்படியே நம்பக் கூடாது.

அங்கே படித்த இருவர் 1921-இல் ஒரு நாற்காலி செய்தார்கள். மார்செல் பிராயர் தச்சுப் பட்டறை மாணவர், குந்தா ஷ்டோல்ஸல் நெசவு மாணவி. பின்னாளில் 'ஆப்பிரிக்க நாற்காலி' என்று பெயர் பெற்ற அது பல காலம் காணாமல் போயிருந்து, 2004-இல் பெர்லினில் உள்ள பௌஹவுஸ் ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. பார்த்தால் அரியணை மாதிரி இருக்கும், அழகு என்று எல்லாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கவனிக்க வேண்டியது அதன் செய்முறை. நாற்காலியை முடித்துவிட்டு மேலே துணியைப் போர்த்தவில்லை. நாற்காலியின் சட்டத்தையே தறியாக்கி, அதிலேயே பாவு இழுத்து ஷ்டோல்ஸல் நெய்திருக்கிறார். அப்படியென்றால் இழை எந்த இடத்தில் ஏறும், இழுத்துக் கட்டும்போது சட்டம் எவ்வளவு இழுப்பைத் தாங்க வேண்டும் என்பது பிராயருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மரம் எங்கே நிற்கிறது, எங்கே கை நுழையாது என்பது ஷ்டோல்ஸலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிராயர் நெசவாளர் ஆகவில்லை, ஷ்டோல்ஸல் தச்சர் ஆகவில்லை. ஆனாலும் அடுத்தவர் பட்டறையின் விலைவாசி இருவருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு பேருக்குள் இது முடியும். ஒரு பள்ளியே சேர்ந்தால்? அந்தச் சோதனை 1923-இல் வந்தது. பள்ளிக்குப் பணம் கொடுத்துவந்த தூரிங்கியா மாநில அரசு, இத்தனை ஆண்டில் என்ன செய்தீர்கள், காட்டுங்கள் என்றது. பௌஹவுஸ் ஒரு பொருட்காட்சி நடத்தி, அதற்காக ஒரு மாதிரி வீட்டையே கட்டியது. ஜெர்மனியில் பணவீக்கம் தலைவிரித்தாடிய ஆண்டு அது. கட்டுமானத் தொழிலதிபர் அடால்ஃப் சோமர்ஃபெல்ட் பணம் கொடுத்து உதவ, ஏப்ரலில் தொடங்கிய வேலை ஆகஸ்டில் முடிந்தது. வீடு நின்ற தெருவின் பெயரால் 'ஹவுஸ் அம் ஹோர்ன்' என்று அழைக்கப்பட்டது. திட்டத்தை வரைந்தவர் கட்டடக் கலைஞர் அல்ல, ஓவியர் கெயோர்க் முஷே. தொழில்நுட்பப் பொறுப்பை குரோப்பியஸின் அலுவலகக் கூட்டாளி அடால்ஃப் மேயர் ஏற்றார். பக்கத்துக்கு 12.7 மீட்டர் கொண்ட சதுர வீடு. நடுவில் உயர்ந்த கூடம், அதைச் சுற்றி அறைகள்.

உள்ளே இருந்தவை பெரும்பாலும் மாணவர் கைவேலை. கூடத்தின் அறைகலன்கள் பிராயருடையவை, தரை விரிப்பு மார்த்தா எர்ப்ஸ் நெய்தது. சமையலறையை வடிவமைத்த இருவரில் ஒருவரான பெனிட்டா ஓட்டே நெசவுப் பட்டறையைச் சேர்ந்தவர். ஜன்னலுக்குக் கீழே வேலை மேடை, அதன் மேலும் கீழும் அலமாரி என்ற அமைப்பு இன்று எந்த அடுக்குமாடி வீட்டிலும் காணக்கூடியது, அன்று புதுமை. அந்த அலமாரிக்கான பீங்கான் ஜாடிகளைச் செய்தவர் குயவுப் பட்டறையின் தேயோடோர் போக்லர். சக்கரத்தில் ஒவ்வொன்றாக வனையாமல் அச்சில் வார்க்கும்படி அவர் அவற்றை அமைத்தார், ஒரே அளவில் பல ஜாடிகள் வரிசையாக நிற்க அதுதான் வழி. குயவர் தன் சக்கரத்தையே விட்டுக்கொடுக்கும் அளவுக்கு அலமாரியின் தேவை அவருக்குப் புரிந்திருந்தது. குழந்தைகள் அறையைச் செய்த அல்மா பூஷர் நெசவிலிருந்து மரச் சிற்பப் பட்டறைக்கு மாறியவர். சேர வந்த பெண்களைப் பொதுவாக நெசவுக்கே தள்ளிவிட்ட பள்ளியில் அப்படி மாறியதே பெரிய காரியம். சுவரில் குழந்தைகள் கிறுக்கலாம், அலமாரிக் கதவு பொம்மலாட்ட மேடையாகும். துணியும் மரமும் தெரிந்த ஒருவர் செய்த அறை என்பது பார்த்தால் தெரியும்.

வீட்டில் குறை இல்லையா? உண்டு. நாலாபுறமும் அறைகள் சூழ்ந்திருப்பதால் கூடத்துக்கு வெளிச்சம் பெரும்பாலும் மேலே உள்ள உயர ஜன்னல்கள் வழியாகத்தான் வர வேண்டும். தாளில் அழகாக விழுந்த சதுரத்துக்காக, உட்கார்ந்து வெளியே பார்க்கிற வசதியை முஷே விட்டுவிட்டார் என்றே தோன்றுகிறது. ஓவியர் வரைந்த வீடு என்பதும் பார்த்தால் தெரியும். இன்று அது பௌஹவுஸ் தொடர்பான உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்று.

பௌஹவுஸ் காலத்தில் இதையெல்லாம் யாரும் அளந்து பார்க்கவில்லை. சமூக உளவியலாளர்கள் பிற்பாடு அளந்தார்கள். காரோல்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நால்வர் நால்வராக உட்கார்ந்து, மாணவர் தலைவர் பதவிக்கு நிற்கும் கற்பனை வேட்பாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாத் தகவலும் எல்லாரிடமும் இருந்த குழுக்கள் பெரும்பாலும் சரியான ஆளையே தேர்ந்தெடுத்தன. அதே தகவலைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தபோது பெரும்பாலான குழுக்கள் தவறின. நால்வரிடமும் சேர்ந்து முழு விவரமும் இருந்தது. ஆனால் பேச்சு, எல்லாருக்கும் ஏற்கனவே தெரிந்ததையே சுற்றிச் சுற்றி வந்தது. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது அவரிடமே தங்கிவிட்டது.

படைப்புக் குழுவுக்கு இதைவிடக் கெட்ட செய்தி இருக்க முடியாது. அங்கே ஒவ்வொருவரும் சேர்க்கப்படுவதே அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றுக்காக. கூடிப் பேசும்போது கதை, கருத்து, தலைப்பு என எல்லாரும் கருத்துச் சொல்லக்கூடிய விஷயமே நேரத்தை விழுங்கும். ஒலிப்பதிவு மாணவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி, கேட்க ஆள் இல்லாமல் போகும். கேள்வி என்னவென்று மற்றவர்களுக்குத் தெரிந்தால்தானே கேட்பார்கள்.

இன்னொரு ஆய்வு பிட்ஸ்பர்க் நகரில் நடந்தது. டயான் லியாங், ரிச்சர்ட் மோர்லேண்ட், லிண்டா ஆர்கோட் மூவரும் 1995-இல் வெளியிட்டார்கள். டிரான்சிஸ்டர் ரேடியோவின் பாகங்களைப் பொருத்தும் வேலையை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சிலர் தனித்தனியாகக் கற்றார்கள், சிலர் மூன்று பேர் குழுவாகச் சேர்ந்து கற்றார்கள். ஒரு வாரம் கழித்து எல்லாரும் குழுவாகவே ரேடியோவைப் பொருத்த வேண்டும். சேர்ந்து கற்ற குழுக்களுக்கு வேலை கூடுதலாக நினைவிருந்தது, தவறும் குறைவு. கம்பி விஷயம் இவனுக்குத் தெரியும், வரிசை அவளுக்கு ஞாபகம் இருக்கும் என்ற கணக்கு அவர்களுக்குள் உருவாகியிருந்ததே காரணம். யாருக்கு என்ன தெரியும் என்ற இந்தக் கூட்டு நினைவைப் பற்றி டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் பத்தாண்டுக்கு முன்பே எழுதியிருந்தார். பிட்ஸ்பர்க் குழு தொடர்ந்து செய்த சோதனைகளில் ஒரு விஷயம் முக்கியமானது. சேர்ந்து கற்றவர்களைப் பிரித்து வேறு ஆட்களோடு உட்கார வைத்தால் அந்தப் பலன் போய்விடுகிறது. அதாவது அது குழு வேலை செய்யும் பொதுத்திறமை இல்லை, இன்னாரைப் பற்றிய அறிவு.

சினிமாப் படிப்பில் இந்த அறிவு எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் காண ஒரு படப்பிடிப்பு நாள் போதும். ஒளிப்பதிவு மாணவர் மேலிருந்து ஒரு விளக்கைப் போடுகிறார். முகத்தில் ஒளி அற்புதமாக விழுகிறது, பூம் மைக்கின் நிழலும் கூடவே சுவரில் விழுகிறது. பூம் பிடிப்பவருக்கு லென்ஸ் என்ன, ஃபிரேமின் மேல் விளிம்பு எங்கே என்று தெரிந்தால் மைக்கை ஒரு சாண் கீழே கொண்டுவந்து தெளிவான குரலைப் பிடிப்பார். தெரியாவிட்டால் பயந்து எட்டவே நிற்பார், எதிரொலிதான் பதிவாகும். வைடு, டைட் இரண்டையும் இரண்டு கேமராவில் ஒரே நேரத்தில் எடுக்கலாம் என்று இயக்குநர் சொன்னால் ஒளிப்பதிவாளருக்கு நேரம் மிச்சம். ஆனால் வைடு ஃபிரேமுக்கு வெளியே மைக் நிற்க வேண்டியிருப்பதால் குளோஸப்பிலும் குரல் எங்கோ தொலைவிலிருந்து கேட்கும்.

உடைப் பொறுப்பில் உள்ள மாணவி கல்யாணப் பெண்ணுக்குக் கண்ணாடி வளையல், கொலுசு, மொடமொடவென்ற பட்டு என்று பார்த்துப் பார்த்து அணிவிக்கிறார். கேமராவுக்கு விருந்து. ஒலிக்கு மூன்றும் எதிரி. வசனத்தின் மேல் வளையல் குலுங்கினால் அதை எடிட்டிங்கில் பிரித்தெடுப்பது பெரும்பாடு. இங்கே தீர்வு வளையலைக் கழற்றுவதாக இருக்க வேண்டியதில்லை. வளையல்களை உள்பக்கம் ஒட்டி அசையாமல் செய்யலாம், கால் தெரியாத ஷாட்டில் கொலுசை எடுத்துவிடலாம், சத்தத்தைப் பின்பு தனியாகப் பதிந்து சேர்க்கலாம். உடைக்காரருக்கு ஒலியின் கஷ்டமும் ஒலிக்காரருக்கு அந்த வளையலின் கதை முக்கியத்துவமும் தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் பேச்சு இது. தெரியாவிட்டால் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு போவார்.

மிக மலிவான பொருளைக் கேட்காமலே விட்டுவிடுவதும் உண்டு. ஷாட் எல்லாம் முடிந்ததும் ஒலிப்பதிவாளர் எல்லாரையும் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்வார். யாரும் பேசாத அந்த அறையின் வெறும் ஓசையைப் பதிவதற்காக. ரூம் டோன் என்பார்கள். வசனங்களுக்கு நடுவே எடிட்டர் வெட்டி ஒட்டும் இடங்களை நிரப்ப அது வேண்டும். விளக்கை இறக்கும் அவசரத்தில் இருக்கிற குழு, இவன் என்ன பூஜை செய்கிறான் என்று சிரிக்கும். அதே இடத்துக்கு, அதே மின்விசிறி ஒலிக்கு, நாளை திரும்பி வர முடியாது. எடிட்டருக்கும் இப்படி ஒரு கோரிக்கை உண்டு. 'ஆக்‌ஷன்' சொன்ன உடனே நடிகர் பேசத் தொடங்க வேண்டாம், 'கட்' சொல்லும் முன் இரண்டு நொடி விடுங்கள் என்பார். இரண்டு நொடிக்குச் செலவு ஏதும் இல்லை. அது இல்லாவிட்டால் வெட்டுவதற்கு இடமில்லை. இதைப் படப்பிடிப்புத் தளத்தில் வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஒரு ராத்திரி எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து தன் ஷாட்டைத் தானே வெட்டிப் பார்க்கிற இயக்குநர் மாணவர், ஆயுளுக்கும் அந்த இரண்டு நொடியை மறக்க மாட்டார்.

பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960-இல் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரி, பட்டயப் படத்துக்கு இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி ஆகிய துறைகளிலிருந்து மாணவர்களைச் சேர்த்து ஒரே குழுவாக்கும் வழக்கத்தை வளர்த்தது. அந்தக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்த பாலுமகேந்திரா பின்பு தன் படங்களைத் தானே எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, எடிட்டிங்கும் செய்தார். பிற்காலத்தில் சென்னையில் அவர் நடத்திய பயிற்சிப் பள்ளியின் பெயர் 'சினிமா பட்டறை'. எல்லாரும் பாலுமகேந்திரா ஆக முடியாது, ஆக வேண்டியதும் இல்லை.

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினைக்கு வேறொரு திசையிலிருந்து வந்தார்கள். பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினிப் பேராசிரியர் ராண்டி பாஷ், மெய்நிகர் உலகங்களை உருவாக்கும் ஒரு வகுப்பை நடத்தினார். பல துறைகளிலிருந்து 50 மாணவர்கள். நால்வர் கொண்ட குழு, அதையும் ஆசிரியரே கலைத்துப் போட்டுப் பிரிப்பார். நிரல் எழுதுபவர், ஓவியர், ஒலி செய்பவர் என்று கலந்திருப்பார்கள். இரண்டே வாரத்தில் ஓர் உலகத்தைச் செய்து காட்ட வேண்டும். காட்டி முடித்ததும் குழு கலையும், புதிய மூவரோடு அடுத்த உலகம். ஒரு பருவத்தில் இப்படி ஐந்து முறை. நாடகத் துறைப் பேராசிரியர் டான் மாரினெல்லியும் பாஷும் சேர்ந்து அங்கே நிறுவிய பொழுதுபோக்குத் தொழில்நுட்ப மையத்திலும் இந்த வகுப்பு தொடர்ந்தது. நாடகக்காரரும் கணினிக்காரரும் ஒரே சிறிய அறையில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள்.

இந்த வகுப்பில் பாஷ் வைத்த ஒரு காரமான சங்கதி மதிப்பீடு. உன்னோடு வேலை செய்வது எவ்வளவு எளிது என்று சக மாணவர்கள் போட்ட மதிப்பெண்களைத் தொகுத்து, வகுப்பில் நீ எந்த இடத்தில் நிற்கிறாய் என்று பட்டை வரைபடமாகக் காட்டினார். தன்னைப் பற்றி உயர்வாக நினைத்துக்கொண்டிருந்த சிலருக்கு அது கசந்தது. நம் ஊர்க் கல்லூரியில் இதைச் செய்தால் கோஷ்டிச் சண்டையாக மாறும் ஆபத்து உண்டு. ஆனாலும் உன் கையில் திறமை இருந்தால் போதும், மற்றவர்கள் அனுசரித்துப் போகட்டும் என்ற நினைப்பை உடைக்க அவரவர் முகத்துக்கு நேரே நீட்டிய அந்த வரைபடத்தைவிடச் சுருக்கமான வழி தெரியவில்லை.

பாஷ் குழுக்களைக் கலைத்துப் போடுவது, அதே பிட்ஸ்பர்க் நகரின் ரேடியோ ஆய்வோடு முரண்படுவதைக் கவனித்திருக்கலாம். குழுவைக் கலைத்தால் பலன் போகும் என்று ஒரு பக்கம் ஆய்வு சொல்கிறது, இன்னொரு பக்கம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாஷ் கலைக்கிறார். இரண்டும் சரிதான். பொருள் நன்றாக வர வேண்டும் என்றால் குழுவைக் கலைக்கக் கூடாது. மாணவர் கற்க வேண்டும் என்றால் கலைக்க வேண்டும். ஐந்து ஓவியர்களோடு ஐந்து முறை வேலை செய்த நிரலாளர், ஆறாவது ஓவியரிடம் முதல் நாளே எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டிருப்பார். பல கல்லூரிகளில் நடப்பது இந்த இரண்டும் அல்லாத ஒன்று. மூன்றாண்டும் நண்பர்களோடே குழு சேர்ந்து, வேலையைப் பிரித்துக்கொண்டு, கடைசி நாளில் ஒட்டுகிறார்கள். பொருளும் சுமார், கற்றதும் சுமார்.

கலையாத குழுவின் பலத்துக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1986-இல் வெளிவந்த 'ஊமை விழிகள்' சென்னைத் திரைப்படக் கல்லூரி மாணவர்களின் படம் என்றே அன்று பேசப்பட்டது. ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்க, ரமேஷ்குமார் ஒளிப்பதிவு செய்தார். இன்ஸ்டிட்யூட் பையன்களுக்குக் கலைப்படம்தான் வரும் என்று நினைத்திருந்தவர்கள் முன்னால், விஜயகாந்த்தை வைத்து ஒரு பெரிய வணிகப் படத்தை அவர்கள் நிறுத்தினார்கள். கல்லூரியில் கூடிப் படித்தவர்கள் கூட்டமாகவே துறைக்குள் வந்தது அதற்கு முக்கியக் காரணம் என்று கருத இடமிருக்கிறது. இதே கதை கணினி விளையாட்டுத் துறையிலும் நடந்தது. அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005-இல் செய்த 'நார்பாகுலர் டிராப்' என்ற விளையாட்டைப் பார்த்த வால்வ் நிறுவனம், அதில் ஒரு கெட்டிக்காரரை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை. குழுவையே வேலைக்கு அமர்த்தியது. 2007-இல் வந்த 'போர்ட்டல்' அப்படிப் பிறந்தது.

இன்று தமிழ்நாட்டில் விஸ்காம், அனிமேஷன், கேம் டிசைன் எனப் பல படிப்புகளிலும் குழு புராஜெக்ட் இருக்கிறது. மதிப்பெண் பெரும்பாலும் முடிந்த பொருளுக்கே. அதில் ஒரு சிறு பகுதியை வேறு விதமாகப் பிரித்துத் தரலாம். படப்பிடிப்புக்கு முன் ஒவ்வொரு மாணவரும் தன் குழுவில் வேறொருவர் வேலையை ஒரு நாள் செய்யட்டும். ஒளிப்பதிவு மாணவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு காட்சியின் ஒலியைப் பதியட்டும். கதை எழுதியவர் ஒரு நொடிக்கான 12 படங்களைத் தன் கையால் வரையட்டும், கோணல்மாணலாக வந்தாலும் பரவாயில்லை. பிறகு அந்த வேலையில் எது எளிது, எது கடினம், எதை எந்தத் தேதிக்கு மேல் மாற்றச் சொல்லக் கூடாது என்று ஒரு பக்கம் எழுதட்டும். அதைத் திருத்தி மதிப்பெண் போட வேண்டியவர் ஆசிரியர் அல்ல, அந்த வேலைக்குரிய சக மாணவர். இதற்குக் கூடுதல் கருவியும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். அடுத்த பருவத்துக்குக் குழு பிரிக்கும் ஆசிரியர்கள், கால அட்டவணையில் இந்த ஒரு நாளுக்கு முதலில் இடம் போட வேண்டும்.